ஓகே என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்காதவர்கூட நாளுக்குப் பலமுறை சொல்லும் ஆங்கிலச் சொல் ஓகே. அது எப்படிப் பிறந்தது என்று வாட்ஸப்பில் உலவும் கதைகள் பெரும்பாலும் தவறானவை. உண்மைக் கதை அவற்றைவிடச் சுவையானது. தேதியோடு அச்சில் இருப்பது. முதலில் பிறப்பு, பிறகு பொருளும் பயன்பாடும், கடைசியில் தமிழுக்குள் வந்தபின் அது நடந்துகொள்ளும் விதம் என்ற வரிசையில் பதில்கள் உள்ளன.

ஓகே எதன் சுருக்கம்?

‘ஆல் கரெக்ட்’ என்பதன் சுருக்கம். எல்லாம் சரி என்று பொருள். முறையாகச் சுருக்கினால் ஏ.சி. என்றுதான் வரவேண்டும், ஆங்கிலத்தில் ‘ஆல்’ ஏ எழுத்திலும் ‘கரெக்ட்’ சி எழுத்திலும் தொடங்குகின்றன. ஆனால் காதில் விழும் ஒலியை மட்டும் வைத்து எழுதுகிறவர் முதல் சொல்லுக்கு ஓ எழுத்தையும் இரண்டாவதற்கு கே எழுத்தையும் போட்டுவிடலாம். அப்படி எழுத்துக்கூட்டத் தெரியாதவர் எழுதியதுபோலப் பாவனை செய்து, அந்தத் தப்பான முதலெழுத்துகளையே சுருக்கமாக்கினார்கள். ஓ.கே. அப்படி வந்தது.

தெரிந்தே ஏன் தப்பாக எழுதினார்கள்?

1838 கோடையில் தொடங்கி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைகளை ஒரு மோகம் பிடித்து ஆட்டியது. எதைப் பார்த்தாலும் முதலெழுத்துகளாகச் சுருக்குவது. ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலியாகக் குறிக்க ‘அவர் ஃபர்ஸ்ட் மென்’ என்பதைச் சுருக்கி ஓ.எஃப்.எம். என்று எழுதினார்கள். ‘சொன்னது போதும்’ என்பதற்கு என்.எஸ். என்று ஒரு சுருக்கம் இருந்தது.

இதன்மேல் இன்னொரு விளையாட்டையும் ஏற்றினார்கள். அந்தக் காலத்து அமெரிக்க நகைச்சுவை எழுத்தில், படிப்பறிவு குறைந்த நாட்டுப்புறத்தான் எழுதுவதுபோலக் கொச்சையாக எழுத்துக்கூட்டுவது ஒரு தனி வகை. அதையும் சுருக்கத்தையும் சேர்த்தபோது ‘நோ யூஸ்’ என்பது கே.ஒய். ஆனது, ‘இல்லை’ என்ற நோவும் ‘அறி’ என்ற நோவும் ஒரே ஒலி, பின்னது கே எழுத்தில் தொடங்குவது. அதே கணக்கில் ‘நோ கோ’ கே.ஜி. ஆனது. ‘ஆல் ரைட்’ என்பதை இரு இடத்திலும் தப்பாக எழுத்துக்கூட்டி ஓ.டபிள்யூ. என்றார்கள். ஓ.கே.க்கு உடனடி அண்ணன் இந்த ஓ.டபிள்யூ.தான். ஆக ஓகே தனியாக வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு பெரிய கும்பலோடு வந்தது. கும்பலில் மற்ற எல்லாம் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டன.

முதன்முதலில் அச்சில் வந்தது எப்போது?

1839 மார்ச் 23 அன்று, ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில். எழுதியவர் அதன் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன்.

‘மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்’ என்ற பெயரில் பாஸ்டனில் ஒரு விளையாட்டுக் குழு இருந்தது. அதன் உறுப்பினர்கள் நியூயார்க்குக்குப் போகும் பயணத்தைப் பற்றி கிரீன் எழுதியிருந்தார். பக்கத்து நகரமான பிராவிடன்ஸின் பத்திரிகை அதைக் கிண்டலடித்தது. பதிலுக்கு கிரீன், திரும்பும்போது அவர்கள் அந்த ஊர் வழியாக வந்தால் விருந்துச் செலவு அந்தப் பத்திரிகை ஆசிரியர் தலையில்தான் விழும், எல்லாம் ஓ.கே.யாக நடக்கும், புட்டிகளின் மூடிகள் பறக்கும் என்ற தொனியில் எழுதினார். நமக்கு முக்கியமானது ஒன்று: ஓ.கே. என்று எழுதியவர் பக்கத்திலேயே கோடு போட்டு ‘ஆல் கரெக்ட்’ என்று விளக்கமும் கொடுத்தார். தான் பிறந்த வரியிலேயே தன் பொருளையும் சொல்லிக்கொண்டு வரும் சொல் மிக அரிது. மற்ற கதைகள் எதற்கும் இப்படி ஒரு வரி இல்லை.

கூடப் பிறந்தவை மறைந்தபோது ஓகே மட்டும் எப்படித் தப்பித்தது?

ஒரு தேர்தல் காப்பாற்றியது. 1840-ல் அமெரிக்காவின் 8-ஆவது அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடி போட்டியிட்டார். அவர் நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹுக் என்ற சிற்றூரில் பிறந்தவர். டச்சு மொழி பேசும் குடும்பம். ஊர்ப் பெயரை வைத்து ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்று ஆதரவாளர்கள் செல்லமாக அழைத்தார்கள். அதன் முதலெழுத்துகளும் ஓ.கே.! ஏற்கெனவே பத்திரிகைகளில் அடிபட்ட சுருக்கத்தோடு தலைவரின் பட்டப்பெயரும் பொருந்திவிடவே, நியூயார்க்கில் அவருடைய கட்சிக்காரர்கள் ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். எதிர்க்கட்சியான விக் கட்சியின் கூட்டத்துக்குள் ஓ.கே. என்று கோஷம் போட்டபடி புகுந்து கலாட்டா செய்த சம்பவமும் உண்டு. நம்மவர் பெயர், நம்மவர் ஜெயிப்பார், ‘எல்லாம் சரி’ என்ற மூன்றும் அந்த இரண்டு எழுத்தில் அடங்கின.

விக் கட்சியினர் சும்மா இருக்கவில்லை. அதே எழுத்துகளை ‘அவுட் ஆஃப் கேஷ்’, கையில் காசில்லை, என்று விரித்தார்கள். கேஷ் என்பதையும் கே போட்டு எழுதித்தான். 1837-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி வான் பியூரன் தலையில் விடிந்திருந்தது. அதனால் அந்தக் கேலி சுட்டது. தேர்தலில் அவர் தோற்றார்: வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு 234 தேர்வாளர் வாக்குகள், வான் பியூரனுக்கு 60. தலைவர் போனார், கோஷம் நின்றது. ஆனால் ஓராண்டு முழுக்க இரண்டு கட்சியும் மாறி மாறிக் கூவியதால் பாஸ்டன் கேலிச் சொல் நாடு முழுக்கத் தெரிந்த சொல்லாகிவிட்டது.

தேர்தல் முடிந்ததும் ஏன் மறக்கப்படவில்லை?

தந்தி வந்தது. 1844-ல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்திக் கம்பி வேலை செய்யத் தொடங்கியது. பின் வேகமாகப் பரவியது. செய்தி வந்து சேர்ந்தது என்று மறுமுனைக்குத் தெரிவிக்க, குறுகிய, வேறொன்றோடு குழம்பாத ஒரு குறி தேவைப்பட்டது. ஓகே அதற்குப் பொருத்தமாக இருந்தது. இருப்புப்பாதைகளும் அதே தந்தியை நம்பித்தான் ஓடின. கேலிப் பத்திரிகையில் பிறந்த சொல் இப்படி வேலைக்குப் போன பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. ஆவணங்களின் ஓரத்தில் ஒப்புதல் குறியாகவும் அது எழுதப்படலாயிற்று.

இத்தனையையும் தோண்டி எடுத்தவர் யார்?

ஆலன் வாக்கர் ரீட். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், 1906-ல் பிறந்து 2002-ல் மறைந்தவர். ஓல்ட் கிண்டர்ஹுக் தொடர்பை 1941-ல் வெளியிட்டார். அதோடு திருப்தி அடையாமல் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். 1839-ஆம் ஆண்டுச் சான்றையும் பாஸ்டன் சுருக்கெழுத்து மோகத்தையும் 1963, 1964-ல் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்ற ஆய்விதழில் தொடர் கட்டுரைகளாக எழுதினார். தேடுபொறி இல்லாத காலம். ஒவ்வொரு தாளையும் கண்ணால் படித்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்காக ஒருவர் இவ்வளவு உழைத்தது எனக்கு இன்றும் வியப்பு. இன்று பெரிய அகராதிகள் எல்லாம் அவர் முடிவையே ஏற்கின்றன.

படிக்காத அதிபர் ஒருவர் கோப்பில் தப்பாக எழுதியதால் வந்தது என்கிறார்களே?

அது அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் பற்றிய கதை. வான் பியூரனுக்கு முன் பதவியில் இருந்தவர், அதே கட்சிக்காரர். அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அதனால் கோப்புகளில் ஓ.கே. என்று எழுதி ஒப்புதல் கொடுத்தார் என்று 1840 தேர்தல் நேரத்தில் எதிர்த்தரப்புப் பத்திரிகை கட்டிவிட்டது. தேர்தல் அவதூறாகத் தொடங்கியது பின்னாளில் வரலாறாகவே நம்பப்பட்டது. ஜாக்சன் அப்படி எழுதிய கோப்பு எதுவும் கிடைக்கவில்லை. டென்னசியில் 1790-ஆம் ஆண்டு நீதிமன்றப் பதிவேடு ஒன்றில் அவர் பெயரோடு ஓ.கே. இருப்பதாகக் காட்டினார்கள், உற்றுப் பார்த்தபோது அது ஓ.ஆர். என்று தெரிந்தது. உத்தரவு பதிவானது என்பதன் வழக்கமான சுருக்கம் அது.

போரில் யாரும் சாகவில்லை என்பதைக் குறிக்கும் ‘ஸீரோ கில்ட்’ என்பதிலிருந்து வந்ததா?

இல்லை. நம்மிடம் அதிகம் பகிரப்படும் கதை இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அன்றைய சாவு எண்ணிக்கையைப் பலகையில் எழுதினார்கள், யாரும் சாகாத நாளில் சுழியமும் கே எழுத்தும் எழுதினார்கள் என்று போகும். அந்தப் போர் தொடங்கியது 1861-ல். ஓ.கே. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருக்கிறது. அதே போரில் படைவீரர்களுக்குத் தரப்பட்ட பிஸ்கட்டின் நிறுவனப் பெயரிலிருந்து வந்தது என்ற கதைக்கும் இதே பதில்.

செவ்விந்தியர் மொழிச் சொல் என்று பாடநூல் ஒன்றில் படித்தேனே?

சாக்டா என்ற அமெரிக்கத் தொல்குடியினரின் மொழி. அதில் ‘ஓகே’ போன்று ஒலிக்கும் ஓர் இடைச்சொல் உண்டு. ‘அப்படித்தான்’ என்று கூற்றை உறுதிப்படுத்தும். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வருவதால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்த விளக்கம் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் இதை நம்பினார். கோப்புகளில் ஒப்புதல் தரும்போது சாக்டா ஒலிப்புக்கு ஏற்றபடி கடைசியில் ஹெச் எழுத்துச் சேர்த்து எழுதினார். அதே எழுத்துக்கூட்டலில் 1918-ல் ஒரு கிராமபோன் இசைத்தட்டு நிறுவனமும் வந்தது, ஓகே ரெக்கார்ட்ஸ். ஆனால் அந்தப் பெயர் அதன் நிறுவனர் ஆட்டோ ஹைன்மனின் முதலெழுத்துகளிலிருந்து அமைந்தது.

இந்த விளக்கத்தில் குறை என்னவென்றால் இடையில் பாலம் இல்லை. சாக்டா பேசியவர்களிடமிருந்து ஆங்கிலம் பேசியவர்கள் இதை வாங்கிக்கொண்டதற்கு 1839-க்கு முந்தைய எழுத்துச் சான்று வேண்டும். அது கிடைக்கவில்லை. பாஸ்டன் பக்கமோ, சொல்லும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, அதே அச்சில் வார்த்த தம்பி தங்கைகளும் இருக்கின்றன.

ஆப்பிரிக்க மொழியிலிருந்து வந்தது என்பது?

இதை மற்ற கதைகளோடு சேர்த்துத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் உவோலோஃப் மொழியில் ‘ஆம்’ என்பதற்கான சொல்லோடு அழுத்தம் தரும் ஒரு சொல் சேரும்போது ‘வாவ்கே’ என்பதுபோல ஒலிக்கும். பிரிட்டிஷ் மொழியியலாளர் டேவிட் டால்பி 1960-களின் இறுதியில் இதை எடுத்துச் சொன்னார். அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்ட அடிமை மக்களில் உவோலோஃப் பேசியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசியதை அன்றைய பத்திரிகைகள் பதிவு செய்யவில்லை என்பதும் உண்மை. எனவே சான்று இல்லாமையை வைத்து மட்டும் ஒருவர் வாயை அடைப்பது நியாயம் ஆகாது.

இருந்தும் இந்தச் சொல்லைப் பொறுத்தவரை பாஸ்டன் சான்று மிக வலுவானது. சொல் ஏற்கெனவே பேச்சில் இருந்திருந்தால் 1839-க்கு முன் எழுத்துகளுக்கு நடுவே புள்ளியில்லாமல், ஒலிப்பைப் பின்பற்றி யாராவது எழுதியிருக்கவேண்டும். கிடைப்பதெல்லாம் புள்ளி வைத்த முதலெழுத்துச் சுருக்கமே.

கிரேக்க ‘ஓலா கலா’, ஸ்காட்லாந்துக்காரரின் ‘ஓக் ஐ’, ஹெய்ட்டி துறைமுகத்து ரம், ரயில்வே சரக்கு எழுத்தர் ஒருவரின் கையொப்பம் என்று இன்னும் பல உண்டு. அவற்றுக்கு ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

1839-க்கு முந்தைய சான்று ஒன்றுகூட இல்லையா?

பாஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சென்ற வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவரின் 1815-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இந்த இரண்டு எழுத்துகளும் வருகின்றன. ஆனால் வாக்கியத்தின் நடுவே, எழுதி அடித்த இடத்துக்குப் பக்கத்தில், பொருள் ஒட்டாமல் நிற்கின்றன. எழுத வந்த வேறு சொல்லின் தொடக்கமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஓக்லஹோமா மாநிலத்தின் அஞ்சல் சுருக்கமும் ஓகேதானே, தொடர்பு உண்டா?

கிடையாது. ஓக்லஹோமா என்பது சாக்டா மொழியில் ‘செந்நிற மக்கள்’ என்று பொருள்படும் பெயர். அது மாநிலமானது 1907-ல். எழுத்துகள் ஒத்துப்போனது தற்செயல்.

சரி, இன்றைக்கு ஓகே என்றால் சரியாக என்ன பொருள்?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘எல்லாம் சரி’ என்று பிறந்த சொல், இப்போது ‘எனக்கு மறுப்பு இல்லை’ என்ற இடத்தில் வந்து நிற்கிறது. ஏற்கிறது, ஆனால் புகழ்வதில்லை. இந்த ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் ஓகேயின் எல்லாப் பயன்பாடும் விளங்கும்.

‘மீட்டிங் 4 மணிக்கு’ என்றால் ‘ஓகே’: ஏற்றுக்கொண்டேன். கீழே விழுந்தவரிடம் ‘ஆர் யூ ஓகே?’: அடி ஏதும் படவில்லையே? ‘படம் எப்படி?’ ‘ஓகே’: பார்க்கலாம், ஆகா ஓகோ என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது பதிலில் பாராட்டு சுத்தமாக இல்லை. ஒருவர் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு ‘இட் வாஸ் ஓகே’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், நன்றாக இல்லை என்பதைப் பக்குவமாகச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். உண்மையிலேயே பிடித்திருந்தால் வேறு சொல் தேடுங்கள்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் ‘ஓகே…’ என்று இழுப்பார். எதையும் ஏற்கவில்லை, யாரும் எதையும் கேட்கவுமில்லை. பேச்சு ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகர்கிறது என்பதற்கான அடையாளம் அது. தொலைபேசியில் ‘ஓகே, ஓகே’ என்று இருமுறை சொன்னால் முடித்துக்கொள்ளலாம் என்று குறிப்பு.

விருந்தில் ‘ஐ ஆம் ஓகே’ என்றால் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம். ‘காப்பி வேண்டுமா?’ என்ற கேள்விக்கு ‘ஐ ஆம் ஓகே’ அல்லது ‘ஐ ஆம் குட்’ என்பது பணிவான மறுப்பு. வெறும் ‘ஓகே’ என்றால் வேண்டும் என்று பொருள். முன்னால் வரும் இரண்டு சின்னச் சொற்கள் பதிலையே தலைகீழாக்கிவிடுகின்றன. வெளிநாட்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இரண்டாம் முறை உபசரிக்கும் வழக்கம் இல்லாத வீடுகளில் பட்டினியாக எழுந்துவர நேரும்.

யாராவது மன்னிப்புக் கேட்டால் ‘இட்ஸ் ஓகே’ என்பது ‘பரவாயில்லை’. பிரிட்டிஷ் பேச்சில் நன்றிக்கு மறுமொழியாகவும் ‘தட்ஸ் ஓகே’ வரும்.

இலக்கணப்படி இது என்ன வகைச் சொல்?

ஏறக்குறைய எல்லாமும். பெயரடை, வினையடை, வியப்பு, பெயர், வினை. பெயராக: மேலாளர் தன் ஓகேயைக் கொடுத்தார். வினையாக: மேலாளர் அதை ஓகே செய்தார். ஆங்கிலத்தில் இதற்குத் துணைவினை வேண்டாம், ஓகே என்பதே வினையாகிக் காலம் காட்டும்.

அனுமதி கேட்கும் அமைப்பு இரண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘இஸ் இட் ஓகே இஃப் ஐ சிட் ஹியர்?’ என்பதில் இஃப்-க்குப் பின் முழு வாக்கியம். ‘இஸ் இட் ஓகே டு சிட் ஹியர்?’ என்பதில் டு-வுக்குப் பின் வினை மட்டும். ஒருவருடைய சம்மதத்தைக் குறிக்க ‘ஓகே வித்’: ‘ஆர் யூ ஓகே வித் தட்?’

மேலதிகாரிக்கு வெறும் ‘ஓகே’ என்று பதில் அனுப்பலாமா?

தவறில்லை, ஆனால் எழுத்தில் தொனி கேட்காது. நேரில் சிரித்த முகத்தோடு சொல்லும் ஓகே வேறு. மின்னஞ்சலில் தனியாக நிற்கும் ஓகே வேறு. ஏற்கிறது, ஆனால் மகிழவில்லை என்ற அதன் குணம் அங்கே முழுதாக வெளியே தெரியும். ‘ஓகே, நாளைக் காலைக்குள் அனுப்பிவிடுகிறேன்’ என்று ஒரு தகவலைச் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. குறுஞ்செய்தியில் கே எழுத்தை மட்டும் அனுப்பிவிட்டு முற்றுப்புள்ளி வைப்பதைப் பலரும் கோபம் என்றே படிக்கிறார்கள். அவசரத்தில் அனுப்பியதாக இருக்கலாம்; படிப்பவருக்கு அது தெரியாதே.

ஆங்கிலத்தில் இரண்டெழுத்தா, நான்கெழுத்தா? எது சரி?

இரண்டும் சரி. இரண்டு பெரிய எழுத்துகளால் எழுதுவது பழைய வடிவம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு இதையே கேட்கிறது. ஒலிப்புக்கு ஏற்ப நான்கெழுத்தாக எழுதுவது பின்னால் வந்தது, கதைகளின் உரையாடல்களில் அதிகம் காணலாம். வினையாக்கி இறந்தகாலத்தில் எழுதும்போது நான்கெழுத்து வடிவம் எளிது. இரண்டெழுத்து வடிவத்துக்குப் பின்னால் காற்புள்ளிக்குறியை மேலே தூக்கிப் போட்டு, அதன்பின் டி சேர்க்கவேண்டும். எதை எடுத்தாலும் ஒரே கட்டுரையில் மாற்றாதீர்கள்.

கணினித் திரையில் ‘ஓகே’ பொத்தான் எப்படி வந்தது?

ஆப்பிள் நிறுவனம் 1983-ல் வெளியிட்ட லிசா கணினியை உருவாக்கியபோது, அந்தப் பொத்தானில் முதலில் ‘டூ இட்’ என்று வைத்திருந்தார்கள், ‘செய்’ என்ற பொருளில். ஓகே பேச்சுவழக்காக இருக்கிறதே என்று தயங்கியதும் ஒரு காரணம். பயனர்களை உட்காரவைத்துச் சோதித்தபோது சிலர் அந்தப் பொத்தானை அழுத்தத் தயங்கினார்கள். இரண்டு சொற்களுக்கும் நடுவே இடைவெளி சரியாகத் தெரியாமல், ஐ எழுத்து எல் எழுத்துபோலத் தோன்றி, ‘டோல்ட்’ என்று படித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு மடையன் என்று பொருள். கணினி என்னை ஏன் மடையன் என்கிறது என்று ஒருவர் எரிச்சலோடு கேட்டதாக அந்தக் குழுவில் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பின்தான் ஓகே வந்தது. தமிழ் இடைமுகங்களில் அதே பொத்தானுக்கு ‘சரி’ என்று வைத்திருக்கிறார்கள்; அழகான தேர்வு.

நிலவில் பேசப்பட்ட முதல் சொல் ஓகேதானா?

முதற்சொற்களுள் ஒன்று. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 இறங்குகலம் தரையைத் தொட்டதும் பஸ் ஆல்ட்ரின் தொடுவிளக்கு எரிவதைச் சொன்னார். ஆம்ஸ்ட்ராங் எஞ்சினை நிறுத்தியதைச் சொன்னார். அடுத்து ஆல்ட்ரின் சொன்னது ‘ஓகே, எஞ்சின் நின்றது’ என்பது.

விண்வெளியோடு சேர்ந்த இன்னொரு வடிவம் ‘ஏ-ஓகே’. 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்டு விண்ணில் பறந்தபோது, அவர் அப்படிச் சொன்னதாக நாசாவின் செய்தித் தொடர்பாளர் பவர்ஸ் வானொலிக்கு அறிவித்தார். பதிவில் ஷெப்பர்டு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கும் சைகை எங்கும் ஓகேதானா?

இல்லை, கவனம் தேவை. பிரேசிலிலும் துருக்கியிலும் அது அசிங்கமான வசை. பிரான்சில் சுழியம், ஒன்றுக்கும் உதவாதது என்று ஆகலாம். ஜப்பானில் பணம். அமெரிக்காவில் 2017-க்குப் பிறகு வெள்ளை இனவெறியர் சிலர் அதை எடுத்துக்கொண்டதால், 2019-ல் அவதூறு எதிர்ப்புக் கழகம் அதை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலான இடங்களில் அது சாதாரண ஓகேயாகவே இருக்கிறது என்றும் கூடவே சொன்னது.

ஆழ்கடலில் மூழ்குவோருக்கு இந்தச் சைகை உயிர்காப்பது. ‘நலமா?’ என்று கேட்பதும் அதனால்தான், ‘நலம்’ என்று பதில் சொல்வதும் அதனால்தான். அங்கே கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம் என்று பொருள், ஓகே என்று அல்ல.

நம் கோயில்களில் தட்சிணாமூர்த்தி காட்டும் சின்முத்திரை பார்க்க இதுபோலவே இருந்தாலும் தொடர்பு எதுவும் இல்லை. சிலை மிகப் பழையது, ஓகே புதியது.

தமிழில் ‘சரி’ இருக்கும்போது ஓகே எதற்கு?

பெரும்பாலான இடங்களில் ‘சரி’ போதும், அழகாகவும் இருக்கும். ‘சரி, நான் கிளம்பறேன்’ என்பதில் வரும் சரி, பேச்சை நகர்த்தும் ஆங்கில ஓகேயின் வேலையை அப்படியே செய்கிறது. ஆனால் மூன்று இடங்களில் தமிழர் ஓகேயைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். ‘படம் ஓகே’ என்பதை ‘படம் சரி’ என்று சொல்ல முடியாது. அங்கே நம் சொல் ‘பரவாயில்லை’. ‘லோன் ஓகே ஆச்சா?’ என்பதில் ஓகே என்பது முறைப்படியான ஒப்புதல். ‘பொண்ணு வீட்ல ஓகே சொல்லிட்டாங்க’ என்பதில் அது சம்மதம். தரம், ஒப்புதல், சம்மதம் என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதை ஒரே சொல்லால் கடப்பது பேச்சில் வசதி. எழுத்தில் அந்தத் தனிச் சொற்களைப் பயன்படுத்தவேண்டும் என்பது என் விருப்பம். சம்மதத்தை விழுங்கிவிட்ட ஓகேயால் அந்த வீட்டாரின் மகிழ்ச்சி தெரிவதில்லை.

மாறாக, ‘விடை சரி’ என்று ஆசிரியர் போடும் சரியை ஆங்கில ஓகேயால் சொல்ல முடியாது. ‘ஆல் கரெக்ட்’ என்று பிறந்த சொல்லுக்கு இன்று ‘கரெக்ட்’ என்ற பொருளே தேய்ந்துவிட்டது.

‘ஓகேவா?’ என்பதா, ‘ஓகேயா?’ என்பதா?

இரண்டும் தமிழ் இலக்கணத்துக்கு உட்பட்டவை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், உயிரெழுத்தில் முடியும் சொல்லோடு உயிரெழுத்தில் தொடங்கும் சொல் சேரும்போது நடுவில் எந்த மெய் வரும் என்று சொல்கிறது: ‘இ ஈ ஐ வழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும் ஏமுன் இவ் இருமையும்’. ஏகாரத்தில் முடிந்தால் யகரமும் வரலாம், வகரமும் வரலாம். சே என்பதோடு அடி சேர்ந்து சேயடி என்றும் சேவடி என்றும் ஆவது இப்படித்தான். ஓகே ஏகாரத்தில் முடிகிறது. பேச்சில் ‘ஓகேவா’ முந்திக்கொண்டாலும், இந்தக் கட்டுரையில் ‘ஓகேயின்’, ‘ஓகேயை’ என்று யகரம் போட்டு எழுதியதற்கும் அதே நூற்பாதான் இடம் தருகிறது.